மாதக் கடைசிக்குள் ஊன்றிய பற்கள்

நம் மாவட்டப் பல் மருத்துவர் கூட்டங்களுக்கு அழைக்கும்போதெல்லாம் "நெய்வேலியில் முதன்முதலாக இம்ப்ளான்ட் வைத்தவர்" என்று என்னை அறிமுகப்படுத்துகிறீர்கள். எனக்கு முன்பே யாராவது வைத்திருக்கலாம், எனக்குத் தெரியாது. நான் வைத்த முதல் கேஸின் படங்களைத் திரையில் போட்டுக் காட்டியிருக்கிறேன், நீங்களும் கை தட்டியிருக்கிறீர்கள். இரண்டாவது கேஸ் என்ன ஆனது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. நானாகவும் சொன்னதில்லை.

கிளினிக்கை மூடி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இனி கெடுவதற்குப் பெயர் எதுவும் இல்லை என்ற தைரியத்தில்தான் இப்போது எழுதுகிறேன் என்று நீங்கள் நினைத்தால் அது ஓரளவு உண்மை. தொழிலில் இருந்தபோதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

எலும்பில் எப்படித் துளையிடுவது, எந்த அளவு திருகைத் தேர்ந்தெடுப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். ஒரு ஜூன் மாதக் காலையில் பதினைந்து நிமிடம் நான் என்ன நினைத்தேன், என்ன செய்தேன், மூன்று வாரம் கழித்து என்ன சொன்னேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

நெய்வேலி சுரங்க ஊழியர்களின் டவுன்ஷிப்பில் தொழில் செய்யாதவர்களுக்காக ஒரு விஷயம். இங்கே எல்லோருக்கும் ஒரு தேதி உண்டு. அறுபது வயது முடிகிற மாதத்தின் கடைசி நாள். வேலைக்குச் சேர்ந்த அன்றே அது முடிவாகிவிடுகிறது. மகள் கல்யாணம், ஊரில் வீடு கட்டுவது, கண்புரை, மூட்டு வலி, பல் எல்லாமே "ரிடையர் ஆவறதுக்குள்ள" முடிந்தாக வேண்டும். அதன் பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள். முப்பது ஆண்டுகள் இவர்களுக்கு நடுவில் இருந்து நானும் அந்தத் தேதிக்குப் பழகிவிட்டேன். பெயர், வயது, சர்க்கரை உண்டா என்பதற்கு அடுத்து நான் கேட்கும் கேள்வி "எப்ப ரிடையர்மென்ட்?" என்பதுதான். வேறு ஊரில் எந்தப் பல் மருத்துவரும் இதைக் கேட்டிருக்க மாட்டார். பதில் எந்த மாதமோ, அதிலிருந்து பின்னோக்கி எண்ணிச் சிகிச்சையைத் திட்டமிடுவேன். பல் பிடுங்க, குழி அடைக்க, பல்செட் செய்ய இந்தக் கணக்கு சரியாகவே வந்தது. இம்ப்ளான்ட்டுக்கும் வரும் என்று நினைத்தேன்.

அந்த வேலையை நான் கற்றுக்கொண்டது ஐம்பத்தெட்டு வயதில். சென்னையில் சனி, ஞாயிறுகளில் வகுப்பு. சொல்லிக்கொடுத்தவர் என் மகன் வயதுக்காரர். அவர் சொன்னவற்றில் ஒன்று மட்டும் அப்படியே நினைவில் நிற்கிறது. "சார், பல்லை மாட்ட இறுக்கும்போது நோயாளிக்கு வலித்தால், அது இன்னும் எலும்போடு ஒட்டவில்லை. கழற்றுங்கள், மூடுங்கள், காத்திருங்கள். சந்தேகம் வந்தால் எந்த நேரமும் எனக்குப் போன் செய்யுங்கள்."

என் இரண்டாவது கேஸ் சண்முகவேல், கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். இருபத்திரண்டு வயதில் நெய்வேலிக்கு வந்து, சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் சேர்ந்து, ஃபோர்மேன் ஆனவர். அவருக்கு மேல் வரிசையில் முன்பற்கள் நான்கும் இல்லை. பாரம் தூக்கும் செயின் பிளாக்கின் கொக்கி நழுவி அடித்ததில் இரண்டு போயின. மற்ற இரண்டும் ஈறு நோயில் ஆடி விழுந்தன. கழற்றி மாட்டும் பல்செட் நான்தான் செய்து கொடுத்திருந்தேன்.

பெல்ட் ஓடும் இடத்தில் பேச்சு என்றால் கத்துவதுதான். ஒரு நாள் அவர் போட்ட சத்தத்தில் பல்செட் வாயிலிருந்து கிளம்பி, ஓடுகிற பெல்ட்டில் விழுந்து, பழுப்பு நிலக்கரியோடு சேர்ந்து அனல் மின் நிலையத்துக்கே போய்விட்டது. "உம் பல்லு எரிஞ்ச கரண்ட்லதான்யா எங்க வூட்டு ஃபேன் ஓடுது" என்று பிரிவே சிரித்ததாம். அவரே என்னிடம் சொல்லிச் சிரித்தார், கையால் வாயை மூடிக்கொண்டு. வேறு ஒரு செட் செய்து கொடுத்தேன். அது விழாமல் இருந்தது. ஆனால் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. மீசையை மேல் உதடு மறையும்படி வளர்த்துக்கொண்டார். ஆட்களைக் கூப்பிடக் கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டார்.

"வேலையிலதான் விசில்னு நெனைக்காதீங்க டாக்டர். வீட்டுலயும் ஊதுதாரு" என்றார் அவர் மனைவி பாக்கியம்.

ஒரு பிப்ரவரியில் இருவரும் வந்தார்கள். கழற்றி மாட்ட வேண்டாத பற்கள் என்று வாசலில் நான் வைத்திருந்த புதுப் பலகையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். ஓய்வு எப்போது என்று வழக்கம்போல் கேட்டேன். ஜூன் கடைசி என்றார். தாடை எலும்பில் இரண்டு இம்ப்ளான்ட் திருகுகளை ஊன்றி, அவை எலும்போடு ஒட்டிய பிறகு அவற்றின் மேல் நான்கு பற்களையும் நிறுத்தலாம் என்று விளக்கினேன்.

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "ஃபவுண்டேஷன் போல்ட் மாதிரிதான சார். கான்கிரீட் செட் ஆகாம மெஷின ஏத்தக் கூடாது."

"அதேதான்."

"செட் ஆக எத்தன நாளு?"

அவருடைய மேல் தாடை எலும்பு மென்மையானது. எக்ஸ்ரேயிலேயே தெரிந்தது. "ஆறு மாசம் விடணும்" என்றேன்.

"அப்பச் சரி. ஊர்லருந்து பஸ் ஏறி வந்து மாட்டிட்டுப் போறேன்."

"ஆறுன்னா ஆறு இருக்கட்டும் டாக்டர். இத்தன வருசம் வாயத் தொறக்காம இருந்தவரு, இன்னும் ரெண்டு மாசம் மூடிக்கிட்டு இருந்தா என்ன கொறஞ்சுபோவுது" என்றார் பாக்கியம்.

கவனியுங்கள். அவர்கள் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. நான்தான் மேசையில் இருந்த காலண்டரைப் புரட்டினேன். "நாலு மாசத்துல முடிச்சிடலாம். உங்க சென்டாஃப்ல நீங்க பல்லு தெரியச் சிரிச்சுக்கிட்டு நிக்கணும்" என்றேன்.

சண்முகவேல் தன் மனைவியைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. அப்படி ஒரு ஆசை அவருக்குள் இருந்தது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது போல இருந்தது. அந்த ஆசையை அவருக்குள் போட்டது நான். பிறகு பல நாள், நோயாளி வற்புறுத்தினார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்.

நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். சிகரெட்டை விட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் பிடிக்கிறவர், அன்றே நிறுத்தினார். அடுத்த முறை வந்தபோது பாக்கியம் சொன்னார்: "தாலி ஏறுன நாள்லருந்து நான் சொல்லுதேன், காதுல விழல. நீங்க ஒரு வார்த்த சொன்னீங்க, அப்படியே நிறுத்திட்டாரு. நீங்க சொன்னா அவருக்கு அது வேதம்."

இம்ப்ளான்ட் இரண்டும் பிப்ரவரியிலேயே வைத்தாயிற்று. நான்கு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. ஜூனில் ஈறைத் திறந்து அளவெடுத்துச் சென்னையில் பல் செய்யும் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். பற்கள் வந்தன. பஞ்சு விரித்த சின்னப் பெட்டியில் நான்கும் சேர்ந்தாற்போல, அசல் பல் போலவே இருந்தன. மாட்டும் நாளை ஓய்வுக்கு ஆறு நாள் முன்பாக வைத்திருந்தேன்.

அந்தக் காலையில், இறுக்கத்தை அளந்து காட்டும் கருவியால் வலது பக்கத் திருகை முதலில் இறுக்கினேன். உரிய அளவு வரை போனது, அவர் அசையவில்லை. இடது பக்கம் பாதி அளவுகூடப் போகவில்லை. அவருடைய இடது கால் நாற்காலியிலிருந்து தூக்கிப் போட்டது. பக்கத்தில் நின்ற என் உதவியாளர் மல்லிகாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சுருக்குன்னுச்சு சார்."

கருவியின் பிடியால் தட்டிப் பார்த்தேன். வலது பக்கம் கணீரென்றது. இடது பக்கம் மரத்தில் தட்டியது போல இருந்தது. எக்ஸ்ரே எடுத்தேன். படத்தில் குறை எதுவும் தெரியவில்லை. தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். இதை முதல் தடவை பார்ப்பவனாக இருந்தாலும் என்ன நடந்திருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. இடது இம்ப்ளான்ட் எலும்போடு ஒட்டவில்லை. கழற்ற வேண்டும், மூட வேண்டும், காத்திருக்க வேண்டும்.

போன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எனக்குச் சொல்லிக்கொடுத்த சென்னைக்காரரை நான் கூப்பிடவில்லை. என்ன சொல்வார் என்று தெரியாததால் அல்ல, தெரிந்ததால்தான் கூப்பிடவில்லை. அதோடு, மகன் வயதுக்காரரிடம் "அவசரப்பட்டுவிட்டேன்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சண்முகவேல் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "செட் ஆகலையோ சார்? ஆகலைன்னா விட்டுருங்க. பழைய செட்டப் போட்டுக்கிட்டு நின்னுட்டுப் போறேன். எனக்கு ஒண்ணுமில்ல."

பாருங்கள், எவ்வளவு எளிதாக வழி விட்டார். "ஆமாம், இன்னும் கொஞ்ச நாள் வேண்டும்" என்று சொன்னால் போதும். ஐந்து சொற்கள். நான் ஏன் சொல்லவில்லை? இரண்டு நாள் முன்பு அவர் பிரிவு ஆட்கள் அழைப்பிதழ் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். மேடையில் அமர்வோர் வரிசையில் என் பெயர் அச்சாகியிருந்தது. இம்ப்ளான்ட் வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த இரண்டு பேரிடம், சென்டாஃபுக்கு வந்து ஃபோர்மேனின் பற்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று நானே சொல்லியிருந்தேன். பெட்டியில் பற்கள் தயாராக இருந்தன. இவை எல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஒரு மனிதருடைய எலும்பு.

"நரம்பு கொஞ்சம் கூச்சமா இருக்கு. போகப்போகச் சரியாயிடும்" என்றேன்.

பிறகு நான் செய்ததுதான் இந்தக் கட்டுரையிலேயே சொல்லக் கடினமானது. இடது பக்கத் திருகை அளவுக்கருவியால் இறுக்காமல் விரலாலேயே முடுக்கினேன். வலி தோன்றும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்திக்கொண்டேன்.

"இப்ப வலிக்குதா?"

"இப்ப இல்ல சார்."

பற்களை மேலே பொருத்திக் கண்ணாடியைக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். முதலில் உதட்டை மூடிக்கொண்டு, பிறகு மெல்லத் திறந்து, பிறகு மீசையை விரலால் மேலே ஒதுக்கி. பாக்கியத்தை உள்ளே கூப்பிட்டார். அவர் வந்து நின்று பார்த்துவிட்டு, "என்னங்க இது, கல்யாண போட்டோவுல இருக்க மாதிரி இருக்கீங்க" என்றார். எனக்கு அப்போது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை. அந்த ஐந்து நிமிடம், நான் செய்தது சரிதான் என்றே எனக்குத் தோன்றியது.

அவர்கள் போன பிறகு மல்லிகா தட்டுகளை எடுத்துக்கொண்டே கேட்டார். வடலூர் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர், அப்போதே என்னோடு பன்னிரண்டு ஆண்டுகள் வேலை செய்திருந்தவர்.

"அந்தப் பக்கம் ஸ்பேனர் போடலியே டாக்டர். கையாலயே முடுக்கிக்கினு இருந்தீங்க?"

"போதும்மா அது."

"இல்ல, அவரு காலத் தூக்கினாரு. என் கைய அந்தப் புடி புடிச்சாரு. அதான் கேட்டேன்."

"அடுத்த ஆளைக் கூப்பிடு."

கேஸ் ஷீட்டில், எவ்வளவு இறுக்கினோம் என்று எழுத ஒரு கட்டம் உண்டு. வலது பக்கத்துக்கு எண்ணை எழுதினேன். இடது பக்கத்துக்கு ஒன்றும் எழுதாமல் விட்டேன். பொய்யான எண்ணை எழுதவில்லை என்பதில் அன்று எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. மனது எப்படியெல்லாம் ஏமாற்றும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வழியனுப்பு விழா அந்தப் பிரிவின் ஷெட்டிலேயே நடந்தது. மாலை, சால்வை, எல்லோரும் சேர்ந்து நின்று ஒரு படம். படம் எடுக்கும்போது ஒருவர் பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்தார்: "ஃபோர்மேன், நல்லா சிரிங்க. படமே பல்லுக்குத்தான்." இன்னொருவர், "முப்பத்தெட்டு வருசம் பல்லக் கடிச்சுக்கினு வேல பாத்தாரு, பல்லே போச்சு. ரிடையர் ஆவுற அன்னைக்குத்தான் மனுசனுக்குப் பல்லு மொளைக்குது" என்றார். சண்முகவேல் வாய்விட்டுச் சிரித்தார். கை மேலே வரவில்லை.

பிறகு ஏற்புரை பேசினார். அவர் மைக்கில் பேசி யாரும் கேட்டதில்லையாம். பத்து நிமிடம் பேசினார். தான் திட்டிய ஆட்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். கடைசியில் என்னைக் காட்டி, "எனக்குப் பேச்சக் குடுத்தவரு இவருதான்" என்றார். எனக்கும் ஒரு சால்வை போர்த்தினார்கள். அதை வாங்கிக்கொண்டு கும்பிட்டேன். பட்டாசு வெடித்து, மாலையும் கழுத்துமாக அவரை வேனில் ஏற்றிக் குவார்ட்டர்ஸுக்கு அழைத்துப் போனார்கள்.

மூன்று வாரம் கழித்து வந்தார்கள். இடது பக்கம் ஆடியது. எடுத்தபோது இம்ப்ளான்ட் பல்லோடு சேர்ந்து கையில் வந்துவிட்டது. சுற்றிலும் இருந்த எலும்பும் கரைந்திருந்தது. நான்கு பற்களின் பாரமும் வலது பக்கத்தின் மேலேயே விழுந்ததில் அதுவும் தளர்ந்திருந்தது. அதையும் எடுக்க வேண்டியதாயிற்று. அவர் வாயைக் கழுவிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பாக்கியம் பக்கத்தில் நின்றார். இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஏன் இப்படி ஆயிற்று என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்னால் நான் கேட்டேன்.

"சிகரெட் பிடிச்சீங்களா?"

இளைய நண்பர்களே, நாம் நாள்தோறும் நோயாளிகளிடம் நூறு கேள்வி கேட்கிறோம். நோயைக் கண்டுபிடிக்கக் கேட்பது ஒன்று. நாம் தப்பிக்கக் கேட்பது ஒன்று. இரண்டுக்கும் சொற்கள் ஒன்றாகவே இருக்கும், குரலும் ஒன்றாகவே இருக்கும். எதற்காகக் கேட்டோம் என்பது கேட்டவனுக்கு மட்டும்தான் தெரியும். அன்று எதற்காகக் கேட்டேன் என்பது எனக்குத் தெரியும்.

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"சென்டாஃப் அன்னைக்குச் சாயங்காலம் பசங்க நீட்டுனாங்க சார். ரெண்டு. ரெண்டே ரெண்டு. அதுக்கு முன்னயும் இல்ல, பின்னயும் இல்ல."

எனக்கு மூச்சு வந்தது. அந்த நிம்மதி உடம்பில் எங்கே தொடங்கி எங்கே பரவியது என்பதுகூட நினைவிருக்கிறது.

"அதுதான்" என்றேன்.

ஒரு சொல். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. மற்றதையெல்லாம் பாக்கியம் சொன்னார். "நாலு மாசம் பொறுத்த மனுசனுக்கு அன்னைக்கு ஒரு பொழுது பொறுக்க முடியலயா? டாக்டர் எப்படிப் பாத்துப் பாத்துச் செஞ்சாரு. ஒங்களுக்கு எவன் நல்லது செஞ்சாலும் ஒட்டாது."

சண்முகவேல் எழுந்து என்னைப் பார்த்துக் கைகூப்பினார். வாயில் பஞ்சு இருந்ததால் சொற்கள் குழறின. "தப்பு எம்மேலதான் சார். ஒங்க பேரக் கெடுத்துட்டேன். மன்னிச்சுக்கோங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "பரவாயில்லை, விடுங்க" என்றேன்.

மல்லிகா கையில் இருந்த தட்டை வைத்துவிட்டு வெளியே போனார். அதற்குப் பிறகும் ஐந்து ஆண்டுகள் என்னோடு வேலை செய்தார். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. ஆனால் யாரையாவது நான் "சிகரெட் பிடிப்பீங்களா" என்று கேட்டால், செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்தி என்னை ஒரு முறை பார்ப்பார். சாதாரணமாக, நியாயமாகக் கேட்கும்போதுகூட. அந்தக் கேள்வியை என்னால் மீண்டும் ஒரு மருத்துவனாகக் கேட்க முடிந்ததே இல்லை.

எலும்பு ஆறிய பிறகு வாருங்கள், புதிதாக வைத்துத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவர் வரவில்லை. இன்னொரு பல்செட் மட்டும் வாங்கிக்கொண்டு குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். கேஸ் ஷீட்டில் "நோயாளி மீண்டும் புகைபிடித்ததால் தோல்வி" என்று சிவப்பு மையில் எழுதி உள்ளே வைத்தேன்.

அதன் பிறகு நான் எவ்வளவோ இம்ப்ளான்ட் வைத்தேன். எதையும் அவசரப்படுத்தவில்லை. ஓய்வுத் தேதியைக் கேட்கும் வழக்கத்தை விட்டேன். மாதக் கடைசிக்குள் வேண்டும் என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். இதையெல்லாம் பரிகாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்து வருகிற நோயாளிகளுக்குச் செய்கிற நல்லது, போன நோயாளிக்குச் செய்த கெடுதலுக்கு ஈடாகாது என்று எனக்குப் புரிய மூன்று ஆண்டுகள் ஆயின. புரிய வைத்தது ஒரு போன்.

கோவில்பட்டியிலிருந்து ஒரு பெண் பல் மருத்துவர் பேசினார். படித்து முடித்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருக்கும், குரலிலேயே தெரிந்தது. சண்முகவேல் என்ற ஒருவர் கடைவாய்ப் பல் வலி என்று வந்திருக்கிறார், பல்செட் போட்டுப் போட்டு ஈறெல்லாம் புண்ணாக இருக்கிறது, இம்ப்ளான்ட் வைத்தால் நன்றாக இருக்கும் என்று சொன்னால் மறுக்கிறார் என்றார்.

"ஏன் மறுக்கிறார்?"

"'ஒரு தடவ நல்ல டாக்டர் ஒருத்தர் வச்சுக் குடுத்தாரு, நான்தான் சிகரெட்டக் குடிச்சுக் கெடுத்துட்டேன். எனக்குச் செஞ்சு புண்ணியமில்ல, நீங்க வேற ஆளுக்குச் செய்ங்கம்மா'ங்கறார் சார். உங்க பேரத்தான் சொன்னார். அதான் கேக்கலாம்னு. ரொம்பப் பிடிச்சாரா?"

"பிடித்தார்" என்றேன்.

"எத்தன நாள், எவ்வளவுன்னு தெரியுமா சார்?"

"இரண்டு."

"ரெண்டு பாக்கெட்டா?"

கடைவாய்ப் பல் வலி எப்படி இருக்கிறது என்று நான் பேச்சை மாற்றினேன். பிறகு அந்தப் பெண் மிகவும் மரியாதையாக, "பல் மாட்டும்போது ரெண்டு பக்கமும் எவ்வளவு இறுக்கினீங்கன்னு ஷீட்ல இருக்குமே சார், பாத்துச் சொல்றீங்களா?" என்று கேட்டார்.

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பார்க்க வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் அலமாரியைத் திறந்து எடுத்தேன். ஒரு கட்டத்தில் எண், பக்கத்துக் கட்டம் காலி, கீழே சிவப்பு மை. மறுநாள் காலை அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கால் தூக்கியது, சத்தம் மங்கலாக இருந்தது, விரலால் முடுக்கியது, "அதுதான்" என்று சொன்னது எல்லாம்.

"சார், இத எங்கிட்டச் சொல்லி என்ன சார் ஆகப்போகுது" என்றார் கடைசியில். கோபமாகச் சொல்லவில்லை. "அவர்கிட்டச் சொல்லுங்க."

அவரிடமே சண்முகவேலின் எண்ணை வாங்கினேன். அதற்குப் பிறகும் பதினோரு நாள் தள்ளிப்போட்டேன். அந்தப் பதினோரு நாளில் நான் கண்டுபிடித்த காரணங்களைப் பட்டியலிட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். நல்ல நாள் பார்த்ததுகூட உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கூப்பிட்டேன். அவரே எடுத்தார். என் குரலைக் கேட்டதும் "சார், நல்லா இருக்கீங்களா? டவுன்ஷிப் எப்படியிருக்கு?" என்று சத்தமாக விசாரித்தார். பின்னால் பாத்திரச் சத்தமும் குழந்தைகள் சத்தமும் கேட்டன. மகன் குடும்பத்தோடு வந்திருக்கிறான் என்றார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "சண்முகவேல், உங்க பல்லு போனதுக்குக் காரணம் சிகரெட் இல்லை. பல் மாட்டின அன்னைக்கே இடது பக்கம் எலும்போட ஒட்டலை. நீங்க வலிக்குதுன்னு சொன்னீங்க. எனக்குத் தெரிஞ்சது. தெரிஞ்சும் மாட்டினேன். தப்பு என்னுது. அப்புறம் பழியை உங்க மேல போட்டேன்."

பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்ப அந்த ரெண்டு சிகரெட்டு?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. அன்னைக்கு நீங்க பிடிக்கறதுக்கு முன்னாடியே அது போயாச்சு."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"சார், ஒரு நிமிசம்" என்றார். போனை முகத்திலிருந்து விலக்குவது தெரிந்தது. "ஏ பாக்கியம், இங்க வா. அத அப்படியே வச்சுட்டு வா. டேய், டிவிய அமத்து. எல்லாரும் வாங்க." பிறகு என்னிடம், "ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன் சார். இப்பச் சொன்னீங்கல்ல, அத மொதல்லருந்து சொல்லுங்க."

தாழ்ந்த குரலில் ஆரம்பித்தேன்.

"சத்தமாச் சார். அவளுக்குக் கேக்கணும்."

என் வீட்டில் என் மனைவி அடுத்த அறையில் இருந்தார். அவருக்கும் இது தெரியாது. அவருக்கும் கேட்கும்படியாகச் சொன்னேன். வலிக்கிறது என்று சண்முகவேல் சொன்னதை, செட் ஆகவில்லை என்றால் விட்டுவிடுங்கள் என்று அவர் சொன்னதை, நரம்புக் கூச்சம் என்று நான் சொன்னதை, சிகரெட் பிடித்தீர்களா என்று கேட்டு நான் தப்பித்துக்கொண்டதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். முடித்துவிட்டு நின்றேன்.

பாக்கியத்தின் குரல் சற்றுத் தள்ளிக் கேட்டது. அது என்னிடம் பேசிய பேச்சு அல்ல.

"மூணு வருசமா இதச் சொல்லிச் சொல்லி ஒங்களக் கரிச்சுக்கொட்டியிருக்கேன். பேரன் காதுகுத்துல, சம்பந்தி வீட்டு ஆளுக முன்னாலகூடச் சொன்னேன். அன்னைக்கே வலிச்சுதுன்னு நீங்க ஏன் ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லல?"

"டாக்டரே அதுதான்னு சொல்லும்போது, நான் என்னத்தச் சொல்ல" என்றார் சண்முகவேல்.

அதன் பிறகு என்னிடம் யாரும் எதுவும் பேசவில்லை. போனை அணைக்கவும் இல்லை. ஒரு குழந்தை தாத்தா என்று கூப்பிட்டது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள். சிறிது நேரம் காதில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, நான்தான் வைத்தேன்.